தேய்ப்பதற்கு முன்னால்

கறுத்துக் கிடக்கும் பழைய வெள்ளிக் காசைப் பார்த்ததும் பலருக்கும் கை பரபரக்கும். துணியில் கொஞ்சம் பற்பொடி தொட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆகிவிடுமே என்று தோன்றும். தயவுசெய்து தேய்க்காதீர்கள். நீங்கள் மதிப்பிட வேண்டிய முக்கியமான ஒன்று அந்த மேல்தோலில்தான் இருக்கிறது.

முதலில் உலோகம். அமெரிக்காவின் பழைய வெள்ளிக் காசான மோர்கன் டாலரை எடுத்துக்கொள்வோம். எடை 26.73 கிராம்; அதில் 90 சதவீதம் வெள்ளி, மீதி செம்பு. ஆக, சுமார் 24 கிராம் வெள்ளி. இன்றைக்கு ஒரு கிராம் வெள்ளி விற்கும் விலையால் இதைப் பெருக்கினால் அடிமதிப்பு கிடைத்துவிடும். ஆனால் அது வெள்ளிதானா? காந்தத்தில் ஒட்டவில்லை என்பது போதாது, செம்பும் ஈயமும்கூட ஒட்டாது. நம்பகமான சோதனை தண்ணீர். 0.01 கிராம் வரை காட்டும் தராசில் ஒரு குவளைத் தண்ணீரை வைத்துப் பூஜ்யமாக்குங்கள். காசை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுக்க அமிழ்த்துங்கள். விலகும் தண்ணீரின் எடையைத் தராசு காட்டும். உண்மையான மோர்கன் டாலருக்கு அது 2.59 கிராம் அளவில் வரும். அதே எடையுள்ள செம்பு-நிக்கல் போலி 3 கிராம் காட்டும். ஆர்க்கிமிடீஸின் தத்துவம்தான், காசுக்கு ஒரு கீறலும் விழாது.

அப்புறம் அரிதான தன்மை. 1921-இல் பிலடெல்பியாவில் அச்சான மோர்கன் டாலர்கள் 4 கோடியே 40 லட்சத்துக்கும் மேல். 1893-இல் சான் பிரான்சிஸ்கோவில் அச்சானவை ஒரு லட்சமே. இரண்டிலும் வெள்ளி ஒரே அளவு, விலையோ எங்கேயோ. அச்சான எண்ணிக்கையை மட்டும் நம்பவும் முடியாது. 1918-இன் பிட்மன் சட்டத்தின்படி 27 கோடி வெள்ளி டாலர்கள் உருக்கப்பட்டன. எத்தனை அச்சாயின என்பதைவிட எத்தனை மிஞ்சின என்பதே கணக்கு. சான் பிரான்சிஸ்கோவைக் குறிக்கப் பின்புறத்தில் இருக்கும் சிறிய 'எஸ்' எழுத்தை பிலடெல்பியா காசில் ஒட்டி ஏமாற்றுபவர்களும் உண்டு. அதனால் அந்த எழுத்தின் ஓரத்தை உருப்பெருக்கியில் பார்ப்பது நல்லது.

இனி மேல்தோல். அச்சு அழுத்தும்போது வெள்ளி நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நகர்கிறது. அந்த ஓட்டம் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கோடுகளைக் காசின் மேல் விட்டுச் செல்கிறது. புழங்காத காசை விளக்கடியில் சாய்த்துச் சுழற்றினால், வண்டிச் சக்கரத்தின் ஆரங்களைப் போல ஒளிப்பட்டை சுற்றி வரும். எனக்கு இதைப் பார்க்க ஒருபோதும் சலிப்பதில்லை! புழங்கப் புழங்க, முதலில் மேடான இடங்கள் தேயும்: மோர்கன் டாலரில் காதுக்கு மேலுள்ள முடியும் கழுகின் மார்பும். அமெரிக்கக் காசு ஆய்வாளர் வில்லியம் ஷெல்டன் 1949-இல் வகுத்த 1 முதல் 70 வரையிலான தர அளவுகோலில், 60-உம் அதற்கு மேலும் பெறுபவை புழங்காத காசுகள்.

தேய்த்த காசும் மின்னும், ஆனால் ஒளி சுற்றி வராது. கோடுகள் போய், எல்லாத் திசையிலும் கீறல்கள் விழுந்திருக்கும். கருமையைக் கரைக்கும் திரவத்தில் முக்கி எடுப்பதிலும் இழப்பு உண்டு. கருமை என்பது வெளியிலிருந்து ஒட்டிய அழுக்கு இல்லை. காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களோடு காசின் வெள்ளியே சேர்ந்து உண்டான வெள்ளி சல்பைடு. அதைக் கரைத்தால் அதற்குள் போன வெள்ளியும் போய்விடும். ஒவ்வொரு முறை முக்கும்போதும் அந்தக் கோடுகள் மழுங்கும். இந்தப் படலம் மெல்லியதாக இருக்கும்போது, தண்ணீர்மேல் மிதக்கும் எண்ணெய் போல ஒளி அதில் பட்டு மஞ்சள், ஊதா, நீலம் என்று நிறம் காட்டும். அழகாகப் படிந்த இந்த நிறத்துக்காகவே கூடுதல் விலை கொடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

ஒன்றை மட்டும் அகற்றலாம், அகற்றவும் வேண்டும். பிவிசி என்ற பிளாஸ்டிக் உறையில் வைத்த காசில் பச்சையாகப் பிசுபிசுக்கும் படிவு அது. விட்டால் வெள்ளியை அரிக்கும். தூய அசிட்டோனில், தேய்க்காமல், ஊறவைத்து எடுத்தால் பிசுபிசுப்பு கரையும், வெள்ளிக்கு ஒன்றும் ஆகாது. தீயிலிருந்து தள்ளி, காற்றோட்டமான இடத்தில் இதைச் செய்யுங்கள். அப்புறம் விளிம்பைப் பிடித்துத் தூக்கி, பிவிசி இல்லாத உறையில் போடுங்கள்.