“என்ன கறி?” என்று கேளுங்கள்

கொழும்பில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கத்து அடுக்குமாடிகளில் தனியே இருக்கும் முதியவர்கள் சீனி வருத்தத்துக்காக என்னிடம் வரும்போது, “நான் சீனியைத் தொடுறதே இல்லை” என்றுதான் தொடங்குவார்கள். பொய்யில்லை. பிளேன்ரீகூட வெறும் பிளேன்ரீதான். நேற்று இரவு என்ன சாப்பிட்டீர்கள் என்று விசாரித்தால் நாலு மாரி பிஸ்கட், இல்லாவிட்டால் பாணும் சம்பலும். மத்தியானம் கடைச் சோற்றுப் பார்சல். மீன் வாங்கினால் வெட்டிக் கழுவ வேண்டும், கீரை வாங்கினால் இருந்து ஆய வேண்டும், கைமூட்டு நோகிறது. ஒரு ஆளுக்காக இவ்வளவும் எதற்கு என்ற அலுப்பு.

இப்படிச் சாப்பிடுகிறவர் மெலிந்துகொண்டே போவார், சீனி மட்டும் இறங்காது. மாவுச்சத்தே சாப்பாடாகிப் புரதம் குறைந்தால் தசை கரையும். சாப்பிட்டபின் இரத்தத்தில் ஏறும் குளுக்கோசில் பெரும்பங்கை உள்ளே இழுப்பது அந்தத் தசைதான். கைகால் வற்றி, வயிறு மட்டும் தள்ளி நிற்கும் ஒருவரைப் பார்த்து “நல்லா இளைச்சிட்டீங்கள்” என்று சந்தோஷப்படுகிறோமே, அது எனக்குப் பிடிப்பதில்லை. முயற்சி எதுவும் இல்லாமல் ஆறு மாதத்திலோ ஒரு வருடத்திலோ எடை 5 வீதம் குறைந்தால், அதாவது 60 கிலோவில் 3 கிலோ போனால், டொக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

65 வயது தாண்டியவருக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் தேவை. 55 கிலோ அம்மாவுக்குக் குறைந்தது 55 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் இருக்கிறது. அந்த நாலு பிஸ்கட்டில் 2 கிராம்கூடத் தேறாது.

இன்னொரு ஆபத்து குளிசையில். கிளிக்ளசைட் போன்ற, சீனியை இறக்கும் குளிசையைப் போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தவறவிட்டால் சீனி சட்டென்று இறங்கும். வியர்வை, நடுக்கம், தடுமாற்றம். பக்கத்தில் ஆள் இல்லாத வீட்டில் அதைக் கவனிப்பது யார்? சீனிக்குக் கொடுக்கும் இன்னொரு குளிசையான மெட்போமினைப் பல வருடம் எடுப்பவர்களுக்கு விற்றமின் பி12 குறையலாம், மரக்கறி மட்டும் சாப்பிடுபவர்களுக்கு இன்னும் கூடுதலாக. கால் விறைப்பு, களைப்பு என்றால் அதையும் சோதிக்கக் கேளுங்கள்.

கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் பிள்ளைகளே, “சாப்பிட்டீங்களோ?” என்று கேட்டால் “ஓம்” என்றுதான் பதில் வரும். “என்ன கறி?” என்று கேளுங்கள். ஊட்டச்சத்து மா ரின்களை அனுப்புவதைவிட, கிழமைக்கு இரண்டு நாள் வந்து மீன் வெட்டிக் கறி வைத்து, பங்கு பிரித்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டுப் போகிற ஒரு ஆளுக்குச் சம்பளம் கொடுப்பது மேல்.

சமைக்க முடியாத நாளுக்கு அவித்த முட்டை, கட்டியாக வைத்த பருப்பு, ஊறவைத்து அவித்த கடலை, வெங்காயம் போட்டு வதக்கிய ரின் மீன். ரின் மீனிலும் கருவாட்டிலும் உப்பு அதிகம், பிரஷர் உள்ளவர்கள் கழுவிவிட்டு எடுக்கலாம். என்னிடம் வரும் இரண்டு அம்மாமார் ஒரே கட்டிடத்தில் வேறு வேறு மாடி; ஒருநாள் ஒருவர் சமைக்க, மறுநாள் மற்றவர். இருவருக்கும் இரத்தச் சீனியின் மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி இறங்கியிருக்கிறது.

சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள் மட்டும், புரதத்தைக் கூட்டமுன் கிளினிக் டொக்டரிடம் கேட்டுவிடுங்கள்.