ரெசிலியன்ஸ்: மீள்வதா, தேறுவதா?

பிள்ளைகளின் மனநலம் பற்றிய பேச்சில் இப்போது அடிக்கடி காதில் விழும், துன்பத்துக்குப் பின் மீண்டெழும் ஆற்றலைக் குறிக்கும் ‘ரெசிலியன்ஸ்’ என்னும் சொல், ‘ரெசிலிரே’ என்னும் இலத்தீன் வினையிலிருந்து வந்தது. பின்னோக்கித் துள்ளுதல் என்பது அதன் பொருள். வளைத்துவிட்டால் முறியாமல் பழைய வடிவத்துக்குத் திரும்பும் மரம், இரும்பு ஆகியவற்றின் தன்மையை 19ஆம் நூற்றாண்டுப் பொறியாளர்கள் இச்சொல்லால் குறித்தனர். உளவியலில் அது வேரூன்றியது 1970களுக்குப் பிறகுதான்.

தமிழில் இதற்கு மீள்திறன், தாங்குதிறன், நெகிழ்திறன் என மூன்று சொற்கள் புழங்குகின்றன. நெகிழ்திறன் வளைந்துகொடுப்பதை மட்டுமே சொல்கிறது. தாங்குதிறன் புயலையும் வெள்ளத்தையும் எதிர்கொள்ளும் எண்ணூர்க் கரைக்குப் பொருந்தலாம்; பிள்ளையைக் குறிக்கும்போதோ, எவ்வளவு சுமத்தினாலும் சுமக்கும் என்ற தொனி வந்துவிடுகிறது. கலைச்சொல்லாக மீள்திறனே ஏற்றது. ஆனாலும் அதில் இரும்பின் வாடை போகவில்லை: பத்து வயதில் தந்தையைக் கடலுக்குப் பறிகொடுத்த காசிமேட்டுப் பிள்ளை எந்தப் பழைய வடிவத்துக்கு மீளும்?

பேச்சு வழக்கிலோ ‘தேறு’ என்னும் சொல் எப்போதும் கையிருப்பில் உள்ளது. காய்ச்சல் விட்டெழுந்த பிள்ளை ‘தேறிடுச்சு’. பரீட்சையில் வென்றவன் ‘தேறிட்டான்’. கலங்கியது தெளிதல் என்பதும் இச்சொல்லின் பொருள்களுள் ஒன்று. கலங்கல் நீர் நிரப்பும் பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைத்துவிட்டால், சற்று நேரத்தில் சேறு அடியில் படிந்து நீர் தெளியும்; அக்கொட்டையின் பெயரும் இவ்வினையை ஒட்டியதே. மனம் ‘கலங்குகிறது’ என்று நாம் சொல்வதற்கு இதைவிடப் பொருத்தமான இணை கிடைப்பது அரிது.

தேறு என்பதற்குத் தேற்று என்னும் பிறவினை உண்டு. தேறுகிறவருக்குப் பக்கத்தில் தேற்றுகிறவர் ஒருவர் இருப்பதை இலக்கணமே காட்டிவிடுகிறது. ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளைப் பல்லாண்டுகள் பின்தொடர்ந்த உளவியலாளர் எம்மி வெர்னரின் ஆய்வு கண்டதும் இதையே: வறுமை, குடும்பச் சிதைவு போன்ற பல நெருக்கடிகளோடு வளர்ந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் நன்றாகவே தலையெடுத்தனர், அவர்களுக்குப் பெற்றோரோ, பாட்டியோ, வேறு யாரோ, நிலையாக உடனிருந்த ஒருவராவது வாய்த்திருந்தார்.

அடுத்த படி ‘தேற்றிக்கொள்’. வியாசர்பாடி மைதானத்தில் பெனால்டியைத் தவறவிட்டுச் சுவரோரம் முகம் திருப்பி நின்ற பதினைந்து வயதுப் பையனிடம், மூத்த ஆட்டக்காரர் ஒருவர் தண்ணீர் பாட்டிலை நீட்டி, ‘மனச தேத்திக்கினு வாடா’ என்றதைக் கண்டிருக்கிறேன். சொன்னவர் உடனே நகரவில்லை. அவன் இரண்டு மடக்குக் குடித்து முகத்தைத் துடைக்கும்வரை அருகிலேயே நின்றார். வளரிளம் பருவத்தினரிடம் ‘கொள்’ என்னும் அந்தத் துணைவினையைச் சேர்க்கலாம். ஐந்து வயதுப் பிள்ளையிடம் அதைச் சொல்வது, நீந்தத் தெரியாதவனைத் தனியே கடலில் இறக்கிவிடுவதற்கு ஒப்பாகும். அந்த வயதில் ‘தேற்று’ என்பதே பொருந்தும், அதற்கு எழுவாய் பெரியவர்.