இரண்டாம் முறை சுருங்கிய எழுத்துகள்

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் அம்பாசடர்களைப் பழுதுபார்க்கும் ஒரு பட்டறையின் மேசையில் இரண்டு வாட்டர் பம்புகள் கிடந்தன. ஒன்று வண்டியிலிருந்து கழற்றியது. மற்றது, ‘பழைய ஸ்டாக், ஒரிஜினல்’ என்ற விளம்பரத்தை நம்பி இணையத்தில் வாங்கியது. இரண்டிலும் போல்ட் துளைகள் இம்மியும் பிசகாமல் ஒத்திருந்தன. ஆனால் வார்ப்பில் புடைத்திருந்த எழுத்து வரியை வெர்னியர் அளவுகோலால் அளந்தபோது, பழையதில் 80 மில்லிமீட்டரும் வந்திறங்கியதில் 79.2 மில்லிமீட்டரும் இருந்தன.

உருகிய வார்ப்பிரும்பு மணல் அச்சில் உறைந்து ஆறும்போது ஏறத்தாழ ஒரு சதவீதம் சுருங்குகிறது. இதை அறிந்த தொழிற்சாலை, அச்சு பதிக்கும் மாதிரியை அந்த அளவுக்குப் பெரிதாகவே செய்துகொள்ளும். போலி செய்பவரோ பெரும்பாலும் அசல் உதிரிபாகத்தையே மாதிரியாக மணலில் அழுத்தி எடுப்பதால், ஏற்கெனவே ஒருமுறை சுருங்கிய உருவம் மறுபடியும் சுருங்கி, எழுத்துகளின் ஓரங்களும் மழுங்கிவிடுகின்றன. துளைகள் பின்னர் டிரில்லிங் இயந்திரத்தில் போடப்படுபவை. வண்டியில் பொருந்தியாக வேண்டும் என்பதால் அவற்றின் இடைவெளியை மட்டும் அவர் சரியாக வைத்துவிடுகிறார்.

ஆகவே, வாங்குமுன் விற்பனையாளர் அனுப்பும் படத்தைப் பார்த்தே சோதிக்க ஒரு வழி இருக்கிறது. துளைகளின் இடைவெளி 100 மில்லிமீட்டர் என்று கொள்வோம். அது படத்தில் 2,000 பிக்சல் புள்ளிகளாகத் தெரிந்தால், அசலின் எழுத்து வரி 1,600 புள்ளிகளும் நகலின் வரி 1,584 புள்ளிகளும் நீளும். கேமரா சற்றே சாய்ந்தாலும் இந்த வேறுபாடு அதில் மறைந்துவிடும் என்பதால், பொருளைத் தட்டையாக வைத்து, தள்ளி நின்று ஜூம் செய்து, நேர்க்குத்தாக எடுத்த படத்தையே கேட்க வேண்டும். அனுப்பத் தயங்கும் விற்பனையாளரிடம் நான் வாங்குவதில்லை. சுருக்கத்தைக் கணக்கிட்டுப் புதிய மாதிரி செய்தவரை இந்தச் சோதனை பிடிக்காது. ஆனால் அவ்வளவு மெனக்கெடுபவர் தம் பெயரிலேயே விற்றுவிடலாமே.

அட்டைப்பெட்டியையும் படிக்க வேண்டும். நம் நாட்டில் ஆறிலக்க அஞ்சல் குறியீடு 1972-இல்தான் வந்தது. மெட்ராஸ் 1996-இல்தான் அதிகாரபூர்வமாகச் சென்னையானது. 1968-ஆம் ஆண்டுச் சரக்கு என்று விற்கப்படும் பெட்டியில் ஆறிலக்கக் குறியீடு இருந்தால், அதற்குமேல் ஆராயத் தேவையில்லை.

பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலை அழுத்தித் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்கு மட்டும் கணக்கு வேறு. 1,200 கிலோ எடையுள்ள வண்டி தொப்பூர்க் கணவாயில் பிரேக்கை மட்டும் நம்பி 100 மீட்டர் உயரம் மெதுவாக இறங்கினால், ஏறத்தாழ 12 லட்சம் ஜூல் ஆற்றல் பிரேக்குகளில் வெப்பமாக மாறுகிறது. மூன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். சக்கரங்களில் எழும் அந்த வெப்பத்தைத் தாங்கிக்கொண்டு பிரேக் ஆயில் முழு அழுத்தத்தில் நிற்க வேண்டுமானால், சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் கப் நெகிழ்வோடு சுவரை அணைத்திருக்க வேண்டும். ரப்பரோ, பிரிக்காத பெட்டியில் இருந்தாலும், காற்றிலுள்ள ஆக்சிஜனால் ஆண்டுக்கணக்கில் இறுகிக்கொண்டே போகும். நாற்பது ஆண்டுப் பழைய அசல் சிலிண்டர் கிடைத்தாலும், அதன் கப்புகளைக் கழற்றிப் போட்டுவிட்டு, அண்மையில் தயாரான தேதி அச்சிட்ட புது ரப்பர் கப்புகளின் கிட்டை மாட்டிய பிறகே எங்கள் பட்டறைக்காரர் வண்டியை வெளியே விடுகிறார்.