கரிசலாங்கண்ணி அல்ல, படர்செவ்வந்தி

டெல்டா நர்சரிகளில் கறுப்புப் பையில் வைத்து விற்கிற, தரையோடு படரும் மஞ்சள் பூச்செடியின் பெயரைக் கேட்டுப் பாருங்கள். "மஞ்சள் கரிசலாங்கண்ணி சார், அழகும் ஆச்சு, கீரையும் ஆச்சு" என்பார்கள். கரிசலாங்கண்ணியும் இல்லை, கீரையும் இல்லை. அது சிங்கப்பூர் டெய்சி. அதற்குச் சிங்கப்பூரும் சொந்த ஊர் இல்லை, அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்தது.

டெய்சி என்ற சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்தில் 'பகலின் கண்' என்று பொருள். காலையில் விரிந்து மாலையில் குவியும் ஐரோப்பியப் புல்வெளிப் பூ அது. நம் சித்திரை வெயிலில் நிற்காது. இதை அப்படியே 'பகல்விழி' என்று பெயர்ப்பவர்கள் இருக்கிறார்கள். ஐரோப்பியர்கள் பார்த்த பூவுக்கு அவர்கள் வைத்த பெயர் அது. நம் வாசலில் இருக்கும் பூவை நாமே பார்த்து ஒரு பெயர் வைக்கக் கூடாதா?

பகல்விழியால் கெடுதல் ஒன்றும் இல்லை. கரிசலாங்கண்ணி என்பதுதான் ஆபத்து. உண்மையான மஞ்சள் கரிசலாங்கண்ணியைச் சித்த மருத்துவம் பொற்றலைக் கையாந்தகரை என்கிறது. பூத்தலை பொன்னிறம், அதனால் பொற்றலை. எவ்வளவு துல்லியமான பெயர்! அதன் இலை நீண்டு ஒடுங்கியது, தொட்டால் சொரசொரக்கும், விளிம்பில் பிளவு இருக்காது. சிங்கப்பூர் டெய்சியின் இலை தடித்துப் பளபளக்கும். இருபுறமும் காது வைத்ததுபோல் மூன்றாகப் பிளந்திருக்கும். சில இலைகளில் பிளவு மங்கலாகத் தெரியும் என்பதால் பல இலைகளைப் பாருங்கள். இரண்டும் ஒரே பேரினம்தான், அண்ணன் தம்பிதான். அதற்காகத் தம்பி பெயரில் இருக்கும் பட்டா அண்ணனுக்குச் செல்லுமா? பெயரை நம்பிப் பறித்துக் கடைபவர் வாயில் போவது வேறு இலை. படத்தை வைத்துச் செடியின் பெயர் சொல்லும் கைபேசிச் செயலி சொன்னதை, இலையைத் திருப்பிப் பார்க்காமல் எழுதுகிறவர்களுக்கு இது எங்கே தெரியப் போகிறது?

சிங்கப்பூர் டெய்சியைப் படர்செவ்வந்தி என்று சொல்லலாம். செவ்வந்தி வேறு பேரினம் ஆயிற்றே என்பார்கள். ஆனால் குடும்பம் ஒன்று; ஒரு பூவாகத் தெரிவது பல சிறுபூக்களின் கூட்டம் என்பதும் இரண்டுக்கும் பொது. திருச்சி மலைக்கோட்டைத் தாயுமானவருக்கே செவ்வந்திநாதர் என்று பெயர் இருக்கும் ஊர்ப்பக்கம் இந்தச் சொல்லுக்கு அறிமுகம் வேண்டாம். 'படர்' என்பது அதன் குணத்தைச் சொல்லிவிடும். ஓடுகிற தண்டு மண்ணைத் தொடும் கணுவெல்லாம் வேர் விடும்.

வளர்ப்பதும் அந்தக் குணத்தை ஒட்டித்தான். மூன்று கணு உள்ள, ஒரு சாண் நீளத் தண்டை வெட்டி, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி ஓரடி இடைவெளியில் சாய்த்து நட்டால் போதும். வேர் பிடிக்கும்வரை தினம் தண்ணீர், பிறகு மண் காயும்போது மட்டும். நம் களிமண் ஐப்பசி மழையில் சேறானாலும் தாங்கும். மர நிழலில் வைத்தால் தண்டு இழுத்துக்கொண்டு போகும், பூ குறையும். யூரியா போட்டாலும் இலைதான் மண்டும். அடித்தண்டு கட்டையாகி மொட்டையாகத் தெரிந்தால் நாலு விரல் உயரம் விட்டு ஒட்ட வெட்டுங்கள், புதுத்தளிர் வரும். பாத்தி ஓரத்தில் செங்கல்லைச் செங்குத்தாகப் புதைத்து, மாதம் ஒருமுறை அதைத் தாண்டும் தண்டுகளை நறுக்கிவிடுங்கள்.

நறுக்கியதை வாய்க்காலில் கொட்டாதீர்கள். உலக அளவில் மிக மோசமான நூறு அயல் ஊடுருவிகளின் பட்டியலில் இதுவும் உண்டு. மேட்டூர் திறந்து தண்ணீர் வந்ததும் அந்தத் துண்டுகள் மிதந்துபோய் அடுத்த ஊர் வரப்பில் வேர் விடும். நாலு நாள் சிமெண்டுத் தரையில் வெயிலில் போட்டு, தண்டு முறுகிக் காய்ந்த பிறகே குப்பைக்குழியில் போடுங்கள்.