போர் விமானியை மயங்க விடாத கால்கள்

பட்டர்வொர்த், பாகான் பக்கம் குடியிருப்பவர்களுக்கு ஹார்னெட் போர் விமானத்தின் இரைச்சல் பழகிப்போன ஒன்று. அது சாய்ந்து வளைந்து திரும்பும்போது எல்லோரும் எஞ்சினைப் பற்றித்தான் பேசுவார்கள், எனக்கு மட்டும் உள்ளே உட்கார்ந்திருப்பவரின் தொடையும் கெண்டைக்காலும்தான் ஞாபகத்துக்கு வரும். அந்தத் திருப்பத்தில் அவர் நினைவிழக்காமல் இருப்பதற்குக் கால் தசைகள் படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. குறுந்தூர ஓட்டக்காரரின் உடம்பு செய்யும் வேலைக்கு மிக நெருக்கமான வேலை அது.

இரண்டு வேலையையும் ஒரே உடம்பில் செய்து காட்டிய ஒருவர் இருந்தார். டொனால்ட் ஃபின்லே, பிரிட்டிஷ்காரர், 110 மீட்டர் தடையோட்டம் ஓடியவர். பதின்ம வயதிலேயே ஹால்டனில் விமானப்படைத் தொழில்பயிற்சி மாணவராகச் சேர்ந்தவர். 1932 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் நடுவர்கள் முதலில் மூன்றாம் இடத்தை அமெரிக்கர் ஜாக் கெல்லருக்குக் கொடுத்துவிட்டார்கள், அப்புறம் படச்சுருளைப் போட்டுப் பார்த்தால் முந்தியவர் ஃபின்லே, உடனே கெல்லர் தானே பதக்கத்தைக் கொண்டுபோய் அவரிடம் கொடுத்தார். (கெல்லரையும் மறக்கக்கூடாது என்பது என் கட்சி.) 1936 பெர்லினில் வெள்ளி. இரண்டாம் உலகப் போரில், 1940இன் பிரிட்டன் வான்போரில் ஸ்பிட்ஃபயர் போர் விமானம் ஓட்டினார், ஆகஸ்ட் மாதம் சுட்டு வீழ்த்தப்பட்டுக் காயத்தோடு தப்பினார், அடுத்த மாதமே 41ஆம் ஸ்குவாட்ரன் என்ற விமானப் படைப்பிரிவின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் எல்லா வீரர்கள் சார்பிலும் உறுதிமொழி எடுத்தவர் இவர்தான், அப்போது வயது 39, பதவி விங் கமாண்டர். தரைப்படையின் கர்னலுக்குச் சமமான குரூப் கேப்டன் பதவி வரை உயர்ந்தார்.

விரைவோட்டம் என்றால் நம் மலேசியத் தமிழர்களுக்கு முதலில் வரும் பெயர் டாக்டர் மணி ஜெகதீசன். 1966 பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் மூன்று தங்கம், 1968 மெக்சிகோவில் 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடி 2017 வரை நிலைத்த தேசிய சாதனை. அவர் ஓட்டத்தோடு மருத்துவத்தையும் கையில் எடுத்தார், ஃபின்லே விமானத்தை எடுத்தார். ஃபின்லே விஷயத்தில் இரண்டு தொழிலும் ஒரே தசையைக் கேட்டன என்பதுதான் என்னை இழுக்கிறது.

சரி, திருப்பத்தில் என்ன நடக்கிறது? விமானம் வேகமாக வளையும்போது உடம்பில் உள்ள எல்லாமே கனக்கும், இரத்தமும்தான். இயல்பான எடையை 1 ஜி என்று வைத்தால், கடுமையான திருப்பத்தில் அது 5 ஜி, 7 ஜி என்று ஏறும். இதயத்துக்கும் கண்ணுக்கும் இடையே சுமார் 30 சென்டிமீட்டர் உயரம். அடுக்குமாடியில் கீழேயுள்ள பம்ப் மேல்மாடிக்குத் தண்ணீர் ஏற்றுவது போல, இதயம் அந்த உயரத்துக்கு இரத்தத்தைத் தள்ள வேண்டும். கிளினிக்கில் பிபி பார்க்கும் அதே அளவில் சொன்னால், சாதாரணமாக இதற்கு 22 அல்லது 23 மில்லிமீட்டர் அழுத்தம் செலவாகிறது. 4 ஜியில் அது நான்கு மடங்காகி 90ஐத் தொடும். இதயத்தின் சராசரி அழுத்தமே ஏறக்குறைய 100தான், கழித்துப் பாருங்கள், தலைக்கு என்ன மிஞ்சும்?

முதலில் போவது பார்வை. கண்ணுக்குள்ளேயே 15 மில்லிமீட்டர் அளவுக்கு ஓர் அழுத்தம் இருக்கிறது, இரத்தம் அதையும் மீறித்தான் விழித்திரைக்குள் நுழைய முடியும். அதனால் நிறங்கள் வெளுத்து, ஓரங்கள் இருண்டு, கடைசியில் முழுதும் கறுத்துப்போகும், அப்போதும் விமானிக்கு நினைவு இருக்கும், பேசுவது காதில் விழும். ஜி இன்னும் ஏறினால் நினைவே போய்விடும். அப்படிப் போனால் சராசரியாக 12 விநாடிக்கு அவரால் எதுவும் செய்ய முடியாது. மணிக்கு 800 கிலோமீட்டரில் போகும் விமானம் அதற்குள் இரண்டரைக் கிலோமீட்டருக்கு மேல் தாண்டிவிடும், ஓட்ட ஆளில்லாமல்.

இங்கே ஒரு கேள்வி வரவேண்டும். முழு வேகத்தில் ஓடும் தேர்ந்த ஓட்டக்காரரின் கால் தரையை அடிக்கும்போதும் உடல் எடையின் நான்கு மடங்குக்கு மேல் விசை வருகிறதே, அவர் ஏன் மயங்குவதில்லை? நேரம்தான் காரணம். கால் தரையில் இருப்பது ஏறத்தாழ 0.1 விநாடி, இரத்தம் கீழே இறங்குவதற்குள் கால் தரையை விட்டு எழும்பிவிடும். விமானிக்கோ அந்தச் சுமை பத்து விநாடி, பதினைந்து விநாடி என்று நீளும். மூளையிடம் கையிருப்பில் உள்ள ஆக்சிஜன் ஐந்து விநாடிக்கு மேல் தாங்காது.

அதற்குத்தான் கால்கள். திருப்பம் தொடங்குவதற்குச் சற்று முன்பே விமானி கெண்டைக்கால், தொடை, பிட்டம், வயிறு எல்லாவற்றையும் முழுப் பலத்தோடு இறுக்குவார். இறுகிய தசை இரத்த நாளங்களை நசுக்கி, இரத்தம் காலில் போய்த் தேங்காமல் மேலே தள்ளும். கூடவே மூச்சை இழுத்துத் தொண்டையை அடைத்து நெஞ்சுக்குள் அழுத்தம் ஏற்றி, மூன்று விநாடிக்கு ஒருமுறை சட்டென்று விட்டு இழுத்து மறுபடி அடைப்பார். இன்று காற்று நிரம்பிக் காலையும் வயிற்றையும் இறுக்கும் உடை இருக்கிறது, ஆனால் அது தருவது ஒரு ஜி, ஒன்றரை ஜி அளவுக்கான உதவிதான், மிச்சத்தைத் தசை பார்த்துக்கொள்ள வேண்டும். ஃபின்லே வான்போரில் பறந்த 1940இல் அந்த உடையும் கிடையாது. ஸ்பிட்ஃபயரில் பாதமிதி இரண்டு தட்டாக இருக்கும், சண்டையின்போது காலை மேல்தட்டுக்கு உயர்த்திக்கொள்வார்கள், இரத்தம் இறங்கும் ஆழம் குறையட்டும் என்று. எனக்கு மிகவும் பிடித்த பொறியியல் இது!

இப்போது தசைக்குள் போவோம். முழுப் பலத்தில் இறுகிய தசை தனக்கு வரும் இரத்தக் குழாய்களையும் சேர்த்தே நெரித்துவிடும், அதனால் ஆக்சிஜன் வராது. உள்ளேயே இருக்கும் ஏடிபி, கிரியேட்டின் பாஸ்பேட் என்ற உடனடி எரிபொருள் சேமிப்பு சில விநாடிகள் வரும், பிறகு ஆக்சிஜன் இல்லாமலே சர்க்கரையை உடைக்க வேண்டும். 110 மீட்டர் தடையோட்டம் ஓடுபவரின் 13, 14 விநாடிகளும் கிட்டத்தட்ட இதே எரிபொருளில்தான் ஓடுகின்றன. விரைவோட்டக்காரரின் தொடையில் வேகமாகச் சுருங்கும் இழைகள் அதிகம். எவ்வளவு என்பதில் பிறவிக்குப் பெரும் பங்கு உண்டு, பயிற்சி அவற்றைத் தடிக்க வைக்கும். வலுவான தசைக்கு அதே இறுக்கம் தன் முழுத் திறனில் சிறு பங்காகவே இருக்கும், ஆகவே அதிக நேரம் தாங்கும்.

எல்லா ஓட்டக்காரரும் விமானியாகிவிட முடியாது. கழுத்து வலு வேண்டும், பார்வை வேண்டும், ரொம்ப உயரமானவர்களுக்கு இதயத்துக்கும் தலைக்கும் உள்ள தூரமே பாதகம். ஆனால் விமானப்படையில் சேர வேண்டும் என்று சொல்லும் நம் பிள்ளைகளிடம் "தினமும் நெடுந்தூரம் ஓடு" என்று மட்டும் சொல்லி அனுப்புகிறோமே, அது போதாது. மிதமான ஓட்டம் நல்லதுதான், களைப்பிலிருந்து சீக்கிரம் மீள உதவும். மாரத்தான் அளவுக்குப் போனால் இதயத்துடிப்பு மிகவும் தணிந்து, திடீர் ஜிக்கு உடம்பு ஈடுகொடுக்கத் தாமதமாகலாம் என்று விமான மருத்துவத்தில் எச்சரிப்பதும் உண்டு. பளுவைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது, திடலில் 60 மீட்டர், 100 மீட்டர் முழு வேகத்தில் ஓடிவிட்டு நன்றாக இளைப்பாறி மறுபடி ஓடுவது, வயிற்றுக்கும் கழுத்துக்கும் தனிப் பயிற்சி, இவற்றையும் பயிற்சியாளரை வைத்து இப்போதே தொடங்கலாம்.