பட்டியலில் பெயர் இல்லையென்றால் எந்தப் பிரிவும் கைகொடுக்காது

ஒவ்வொரு தேர்தலுக்கும் முன்னால் அதே வாட்ஸ்அப் செய்தி சுற்றுக்கு வந்துவிடுகிறது. பட்டியலில் பெயர் இல்லாவிட்டாலும் ஆதாரைக் காட்டி 49ஏ பிரிவின்கீழ் ‘சேலஞ்ச் ஓட்டு’ போடலாமாம். டெண்டர் ஓட்டு, அதாவது தன் பெயரில் வேறு யாரோ ஓட்டுப் போட்டுவிட்டவர் போடும் காகித ஓட்டு, 14 சதவீதத்தைத் தாண்டினால் மறுவாக்குப்பதிவாம். வெயிலில் வரிசையில் நின்று வந்த பெரியவர் இதை மனப்பாடமாக ஒப்பித்து வாதாடும்போது, வாக்குச்சாவடித் தலைமை அலுவலரான எனக்கு அவர்மீது கோபம் வருவதில்லை. இதை எழுதிப் பரப்பியவர்மீதுதான் வருகிறது. கடந்த தேர்தலிலும் ஒரு குடும்பமே இப்படி ஏமாந்து திரும்பியது.

அத்தனையும் பொய். 1961ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகளில் 49ஏ என்பது வாக்குப்பதிவு இயந்திரத்தின் வடிவமைப்பைச் சொல்வது. சேலஞ்ச், வாக்காளர் கேட்டு வாங்கும் சலுகையே அல்ல. வந்திருப்பவர் ஆள்மாறாட்டம் செய்கிறார் என்று பூத் ஏஜென்ட் 2 ரூபாய் கட்டி ஆட்சேபிப்பதுதான் சேலஞ்ச். அங்கேயே விசாரிப்பேன். புகார் பொய்யென்றால் நீங்கள் ஓட்டுப் போடலாம். மெய்யென்றால் போலீஸில் ஒப்படைப்பேன். பட்டியலில் இல்லாத பெயரைச் சேர்க்க இதில் வழி எங்கே இருக்கிறது? 14 சதவீதக் கணக்கோ எந்த விதியிலும் கிடையாது.

“வாக்காளர் அட்டை இருக்கிறதே சார்” என்பார்கள். அட்டை நீங்கள் யார் என்பதற்கு மட்டுமே சான்று. பட்டியலில் பெயர் இருந்து அட்டை தொலைந்துபோனவர் ஆதார், ஓட்டுநர் உரிமம், புகைப்படம் ஒட்டிய வங்கிப் புத்தகம், நூறு நாள் வேலை அட்டை என ஏதாவது ஒன்றைக் காட்டினால் போதும். அட்டை இருந்து பெயர் இல்லாதவரை அனுமதிக்க எனக்கு அதிகாரமே இல்லை. பூத் சிலிப்பை மட்டும் நீட்டாதீர்கள். 2019 முதல் அது அடையாள ஆவணம் அல்ல.

உண்மையிலேயே உங்களைக் காக்கும் விதியை யாரும் கேட்பதில்லை. உங்கள் பெயரில் வேறு யாரோ ஓட்டுப் போட்டிருந்தால் முணுமுணுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகாதீர்கள். என் கேள்விகளுக்குப் பதில் சொல்லி, 17பி படிவத்தில் கையெழுத்திட்டால் காகித வாக்குச்சீட்டு தருவேன். சாவடிக்கு 20 சீட்டுகள் இதற்கென்றே வருகின்றன. மறைவிடத்தில் முத்திரை குத்தி மடித்துக் கொடுத்தால் தனி உறைக்குள் போகும். இதுதான் டெண்டர் ஓட்டு. வழக்கமான எண்ணிக்கையில் இது சேராது. ஆனால் வழக்கு என்று வந்தால் நீதிமன்றம் அந்த உறையைக் கேட்கலாம். 2008இல் ராஜஸ்தானின் நாத்துவாரா தொகுதியில் வெற்றி வித்தியாசம் ஒரே ஓட்டு. உச்ச நீதிமன்றம்வரை போன அந்த வழக்கில் டெண்டர் ஓட்டுகள் பெரிய விவாதமாயின. சக அலுவலர்களே, படிவம் நிரப்பச் சோம்பல்பட்டு ஆளைத் திருப்பி அனுப்பாதீர்கள்.

பூத் ஏஜென்ட்களுக்கு: டீ குடித்துவிட்டு ஏழு மணிக்கு நிதானமாக வராதீர்கள். 90 நிமிடம் முன்பே மாதிரி வாக்குப்பதிவு தொடங்கிவிடும். குறைந்தது 50 ஓட்டுப் போட்டுப் பார்த்து, அவற்றை அழித்து, சீல் வைப்பதை நேரில் பார்த்துக் கையெழுத்திட வேண்டியவர் நீங்கள். செல்போன் உள்ளே கூடாது. யார் எந்தப் பொத்தானை அழுத்துகிறார் என்று எட்டிப் பார்த்தால் வெளியே அனுப்பிவிடுவேன். வாக்குப்பதிவு முடிந்ததும், பதிவான ஓட்டுகளின் கணக்கைச் சொல்லும் 17சி படிவத்தின் நகலை வாங்காமல் கிளம்பாதீர்கள். எண்ணும் நாளில் மொத்த ஓட்டுகளை ஒப்பிட அதுதான் ஆதாரம்.

85 வயது கடந்தவர்களும் 40 சதவீதத்துக்குக் குறையாத ஊனமுள்ளவர்களும் 12டி படிவம் கொடுத்தால் அலுவலர்களே வீட்டுக்கு வந்து தபால் ஓட்டு வாங்குவார்கள். அறிவிக்கை வெளியான ஐந்து நாளுக்குள் கொடுக்க வேண்டும். கொடுத்தபின் சாவடிக்கு வந்து ஓட்டுப் போட முடியாது. பார்வையற்றவர் 18 வயது நிறைந்த ஒருவரைத் துணைக்கு அழைத்து வரலாம். ஆனால் ஒருவர் அன்று ஒரே ஒருவருக்குத்தான் துணை நிற்கலாம்.

வேட்புமனுத் தாக்கல் முடிந்துவிட்டால் பட்டியலில் யார் பெயரையும் சேர்க்க முடியாது. ஆகவே தயவுசெய்து இந்த வாரமே 1950 என்ற வாக்காளர் உதவி எண்ணில் கூப்பிட்டு, பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பெயர் விடுபட்டிருந்தால் 6ஆம் எண் படிவத்தை இப்போதே கொடுங்கள். வீடு மாறியவர்கள் 8ஆம் எண் படிவத்தைக் கொடுங்கள்.