மன்னர் இத்ரிஸா, கடாபியா? லிபியா நோட்டை விற்கும் முன்

"வீட்டில் பழைய லிபியா நோட்டு ஒன்று இருக்கிறது, எவ்வளவு போகும்?" பழைய நோட்டுகளை வாங்கி விற்கும் என்னைப் போன்றவர்களின் வாட்ஸ்அப்பில் இந்தக் கேள்வி அடிக்கடி வந்து விழும். ஆச்சரியமில்லை. கட்டுமானம், எண்ணெய் வயல், மருத்துவமனை என்று லிபியாவுக்கு வேலைக்குப் போய்வந்த தமிழர்கள் உண்டு. 2011 போரின்போது கையில் கிடைத்ததோடு ஊர் திரும்பியவர்களும் உண்டு. பெட்டிக்குள் நாலைந்து தினார் தங்கிப்போவது இயல்புதான். நான் திருப்பிக் கேட்பது ஒன்றே: யார் படம் போட்டிருக்கிறது? பாதி மதிப்பீடு அந்தப் பதிலிலேயே முடிந்துவிடும்.

கடாபி படம் என்றால் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். 1980களின் கடைசியிலிருந்து 1 தினாரில் அவர் முகம் வந்தது, 2008இல் 50 தினாரிலும் வந்தது. அவர் ஆட்சி விழுந்த பிறகு அந்த நோட்டுகளை மத்திய வங்கி திரும்பப் பெற்றது. "செல்லாத நோட்டாகிவிட்டதே, அப்படியென்றால் அபூர்வம்தானே?" என்பார்கள். இல்லை. வங்கியில் செல்லாமல் போவது வேறு, சேகரிப்பாளர் சந்தையில் கிடைக்காமல் போவது வேறு. கடாபி 1 தினார் கைபடாத கட்டாகவே வியாபாரிகளிடம் இன்றும் புழங்குகிறது. உமர் முக்தார், அதாவது இத்தாலியர்களை எதிர்த்துப் போராடி 1931இல் தூக்கிலிடப்பட்டவர், 10 தினாரில் பல வரிசைகளில், அதாவது பல வெளியீடுகளில், வந்திருக்கிறார். அங்கே வரிசை எது, நோட்டில் உள்ள மத்திய வங்கி ஆளுநரின் கையெழுத்து யாருடையது என்று பார்த்துத்தான் பேச முடியும்.

விடுதலைக்குப் பின் லிபியாவை ஆண்ட மன்னர் இத்ரிஸ் படம் என்றால் நான் நிமிர்ந்து உட்காருவேன்.

லிபியா விடுதலை பெற்றது 1951 டிசம்பர் 24. அன்றைக்கு அந்த நாட்டின் மூன்று பகுதிகளில் மூன்று விதமான பணம் ஓடிக்கொண்டிருந்தது. திரிப்போலியைச் சுற்றிய மேற்குப் பகுதியில் பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகம் வெளியிட்ட லிரா, கிழக்கே பெங்காசி பக்கம் எகிப்திய பவுண்டு, தெற்குப் பாலைவனமான ஃபெஸ்ஸானில் அல்ஜீரிய பிராங்க். இவற்றுக்குப் பதிலாக வந்ததுதான் லிபிய பவுண்டு. அது ஸ்டெர்லிங் பவுண்டுக்குச் சமம். 480 ராணுவ லிராவுக்கு ஒரு பவுண்டு. ஒரு பவுண்டுக்கு 100 பியாஸ்டர் சில்லறை. 1952 ஜனவரி 1 தேதியிட்ட வரிசையில் 5 பியாஸ்டர், 10 பியாஸ்டர், கால், அரை, 1, 5, 10 பவுண்டு என்று ஏழு நோட்டுகள். அவற்றில்தான் மன்னரின் முகம். பிறகு தேசிய வங்கி வெளியிட்டதிலும், 1963 சட்டப்படி லிபிய வங்கி வெளியிட்டதிலும் முகம் போய் அரச சின்னம் வந்துவிட்டது. 1969 செப்டம்பர் 1இல் மன்னராட்சி கவிழ்ந்தது, 1971இல் பவுண்டின் இடத்துக்குத் தினார் வந்தது.

இங்கே ஒரு குழப்பம் உண்டு. 1951 அக்டோபர் 24 என்று தேதியிட்டு, மன்னர் படம் இல்லாத முதல் வரிசை ஒன்றும் இருக்கிறது. மன்னர் இல்லையே என்று அதை மலிவாகத் தள்ளிவிடாதீர்கள். இரண்டிலும் அச்சாகியிருப்பது சட்டத்தின் தேதிதான், நோட்டு அச்சடித்த நாள் அல்ல.

மன்னர் படம் போட்ட அந்த ஏழில் எது விலை போகும்? சுதந்திரம் வந்தபோது லிபியா உலகின் மிக ஏழை நாடுகளில் ஒன்று. எண்ணெய் கிடைத்ததெல்லாம் 1950களின் கடைசியில்தான். 10 ஸ்டெர்லிங் பவுண்டுக்குச் சமமான தாளை எந்தச் சாதாரணக் குடும்பம் நினைவுக்காக எடுத்து வைத்திருக்கும்? அதனால் 5, 10 பவுண்டு அரிது. சின்ன நோட்டுகளின் கதை நேர்மாறானது. எண்ணிக்கையில் நிறைய வந்தவை, ஆனால் சந்தையில் கை மாறி மாறிக் கந்தலானவை. 5 பியாஸ்டர் கசங்கிய நிலையில் எளிதாகக் கிடைக்கும். மடிப்பே இல்லாமல் கிடைத்தால் விலை பல மடங்கு ஏறும்.

அந்த மடிப்பில்தான் இப்போது வம்பே வருகிறது. அண்மையில் மதிப்பீட்டுக்கு வந்த ஒரு கால் பவுண்டைச் சொல்கிறேன். அனுப்பிய படத்தில் புத்தம் புதிதாகத் தெரிந்தது. கையில் வாங்கி ஜன்னலோரம் சாய்த்துப் பிடித்தால், நடுவில் மேலிருந்து கீழாக மெல்லிய நிழல்போல ஒரு கோடு. மடிப்பை அழுத்தி எடுத்திருக்கிறார்கள், இஸ்திரிப் பெட்டியாகத்தான் இருக்கும். பெரிய எழுத்துகளின் மீது விரல் நுனியை வைத்தால் சொரசொரப்பு இல்லை. மேடாக நிற்க வேண்டிய மை சப்பையாகிவிட்டது. புற ஊதா விளக்கடியில் வைத்தேன். அந்தக் காலத்து நோட்டுத் தாள் அந்த வெளிச்சத்தில் மங்கலாகத்தான் இருக்க வேண்டும். இதுவோ நீலமாக ஒளிர்ந்தது. சலவைத் தூளில் வெண்மைக்காகக் கலக்கும் ரசாயனம் தாளில் ஊறியிருக்கிறது. சோப்பு நீரில் அலசி, தேய்த்து, கொண்டுவந்திருக்கிறார்கள். அழுக்கும் மடிப்புமாக அப்படியே வந்திருந்தால் நான் கூடுதலாகவே கொடுத்திருப்பேன்.

தரச்சான்று நிறுவனங்களும் இதில் கறார்தான். பிஎம்ஜி போன்றவர்கள் 70 வரை எண் கொடுக்கிறார்கள். 60, அதற்கு மேல் என்றால் புழங்காத நோட்டு. எண்ணோடு சேர்த்து, தாள் இயல்பு கெடாமல் இருந்தால் 'இபிக்யூ' என்ற மூன்று எழுத்தும் கிடைக்கும். கழுவியது, அழுத்தியது, ஒட்டுப் போட்டதற்கெல்லாம் அது கிடையாது. கண்ணாடிச் சட்டத்துக்குள் அலங்காரமாக வைத்து, அதன் பின்னால் சாயம் வெளுத்துப்போன நோட்டுகளும் வருகின்றன. எல்லாவற்றையும்விடக் கொடுமை லேமினேஷன். பத்திரமாக இருக்கட்டும் என்று நல்லெண்ணத்தில் செய்வதுதான், ஆனால் சூட்டில் ஒட்டிய அந்தப் பிளாஸ்டிக்கைத் தாளைக் கெடுக்காமல் பிரிக்க முடியாது. ஸ்டேப்ளர் பின் ஓட்டையாவது பரவாயில்லை, ஓரளவு விலையோடு போகும்.

விலைக்கு வருவோம். இணையத்தில் ஒருவர் லட்ச ரூபாய் என்று போட்டிருப்பது அவர் ஆசை. யாரும் வாங்காமல் அந்த விளம்பரம் வருடக்கணக்கில் அப்படியே கிடக்கலாம். ஏல நிறுவனங்கள் முடிந்த ஏலங்களின் விலையை வெளியிடுகின்றன. அதே பிக் எண் (உலக நோட்டுகளின் 'பிக்' பட்டியலில் அந்த நோட்டுக்கு உள்ள எண்), அதே தரம் உள்ள நோட்டு கடைசியாக என்ன போனது என்பதைப் பாருங்கள். வாங்கியவர் மேலே கட்டிய கமிஷனும் அந்தத் தொகையில் சேர்ந்திருக்கலாம், விற்றவர் கைக்கு அவ்வளவும் போயிருக்காது. அச்சுப் பட்டியல்களில் ஒரே நோட்டுக்கு மூன்று தரத்துக்கு மூன்று விலை இருக்கும். விற்பவர் கண் எப்போதும் கடைசிப் பத்தியில்தான் நிற்கும். அது புழங்காத நோட்டுக்கான விலை.

யாராவது போன் செய்து, "உங்கள் நோட்டுக்கு ஆள் தயார், ரிசர்வ் வங்கி அனுமதிக்கு மட்டும் கட்டணம் கட்டுங்கள்" என்றால் போனை வைத்துவிடுங்கள். பழைய நோட்டு, நாணய விற்பனையில் தனக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை, கமிஷன் எதுவும் கேட்பதில்லை என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் அறிக்கை விட்டது. உண்மையாக வாங்குகிறவர் பணம் தருவாரே தவிர உங்களிடம் முன்பணம் கேட்கமாட்டார்.

புதிதாகச் சேர்க்க ஆரம்பிப்பவர்களுக்கு மன்னர் வரிசை கைக்கு எட்டாது என்றால், என் சொந்த விருப்பம் 2016 நோட்டுகள். நாடு இரண்டு நிர்வாகமாகப் பிளந்து கிடந்தபோது, கிழக்கில் இருந்த மத்திய வங்கிக் கிளை ரஷ்யாவில் தனியாக நோட்டு அடித்து வாங்கியது. 20, 50 தினார். பார்வைக்குத் திரிப்போலி நோட்டு மாதிரியேதான், ஆனால் கையெழுத்து வேறு. ஒரு நாட்டின் சண்டையை ஒரு கையெழுத்தில் பார்க்கலாம், அதிகச் செலவும் இல்லை.

சரி, எனக்கோ வேறு எந்த வியாபாரிக்கோ படம் அனுப்பும்போது உறையிலிருந்து எடுத்து, ஓரத்தைப் பிடித்து, பகல் வெளிச்சத்தில் முன்புறம், பின்புறம் இரண்டையும் எடுங்கள். மூன்றாவதாக ஒன்று, நோட்டைச் சாய்த்து வைத்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி. ஃபில்டர் வேண்டாம். வரிசை எண்ணைச் சிலர் விரலால் மறைத்து அனுப்புகிறார்கள். அந்த எண்ணுக்கு முன்னால் வரும் எழுத்து தெரியாமல் ஒன்றும் சொல்ல முடியாது, கடைசி இரண்டு இலக்கத்தை மட்டும் மறைத்தால் போதும்.